மலைப்படியில் இரண்டு அப்பாக்கள்

திருவெறும்பூர் மலையை மலை என்று சொன்னால் மலைக்கோட்டை கோபித்துக்கொள்ளும். தேவர்கள் எறும்பாக மாறி ஏறிய இடமாம். எறும்பே ஏறியிருக்கிறது, நான் ஏற மாட்டேனா என்றுதான் மகளைப் பெண் பார்க்க அந்தக் கோயிலுக்குச் சம்மதித்தேன். மாப்பிள்ளை வீட்டார் தஞ்சாவூர், நாங்கள் உறையூர். இரண்டு வீட்டாரும் தற்செயலாகச் சாமி கும்பிட வந்தவர்கள் போலச் சந்தித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காவிட்டால், கும்பிட்டுவிட்டுப் போய்விடலாம்.

ஆட்டோவிலேயே மனைவி எச்சரித்துவிட்டாள். "அங்க வந்து நெஞ்சப் புடிச்சுக்கிட்டு நிக்காதீங்க. வியாதிக் குடும்பம்னு நெனச்சுடுவாங்க."

என் நெஞ்சில் ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் எடுத்த படமெல்லாம் சொல்கிறது. நெஞ்சுதான் நம்ப மறுக்கிறது.

பாதிப் படியிலேயே படபடப்பு வந்துவிட்டது. மனைவியும் மகளும் மேலே போய்விட்டார்கள். மூச்சு வாங்குவதை மறைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, நின்று காட்சி பார்ப்பது. தூரத்து மலைக்கோட்டையைக் கண்கொட்டாமல் பார்த்தேன். பக்கத்தில் இன்னொருவர் வந்து நின்று அதையே பார்த்தார். வாட்ஸ்அப் போட்டோவில் பார்த்த அதே மீசை. மாப்பிள்ளையின் அப்பா! அவருக்கும் என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. ஆனால் மேலே பெண்கள் சந்தித்து "அட, நீங்களா" என்று ஆரம்பிக்கும்வரை நாங்கள் அறிமுகமாகக் கூடாது.

மலைக்கோட்டை நன்றாகத் தெரிகிறது என்றார். ஆமாம் என்றேன். ஸ்ரீரங்கம் கோபுரம் தெரியுமா என்றார். மேகம் விலகினால் தெரியும் என்றேன். பிறகு இருவரும் தஞ்சாவூர் ரோட்டில் போகும் பஸ்களைப் பார்த்தோம். மனுஷன் நகரவே இல்லை. என் மூச்சைத்தான் அளக்கிறார் என்று முடிவுகட்டினேன். உடனே நெஞ்சுக்குள்ளே தவில் கச்சேரி ஆரம்பித்தது. இங்கே நான் விழுந்தால் மகளுக்கு வந்த வரனும் என்னோடு சேர்ந்து உருளும்.

அவர் திடீரென்று படியில் உட்கார்ந்தார்.

"முட்டிங்க," என்றார். "நொண்டிக் காட்டாதீங்கன்னு வீட்ல சொல்லித்தான் கூட்டியாந்தாங்க."

நானும் பக்கத்தில் சரிந்தேன். "எனக்கு நெஞ்சுங்க. ஒண்ணுமில்லன்னு டாக்டர் சொல்றார். எனக்குத்தான் நம்பிக்கை வரல."

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்பது உறைத்தது. அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். மேலே அவர் பையனும் என் மகளும் சுவரோரம் நின்று ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். காட்சி பார்ப்பதாகத் தெரியவில்லை.

எல்லோரும் கும்பிட்டு இறங்கி, கீழே செருப்பு மாட்டும்போது ஒரு வாக்கியத்துக்காகப் பயந்துகொண்டிருந்தேன். ‘வீட்டுக்குப் போய்ப் பேசிட்டுச் சொல்றோங்க.’ இதைச் சொன்ன எவரும் இதுவரை எங்களுக்குப் போன் செய்ததில்லை. அவர் மெதுவாக என் பக்கம் நொண்டி வந்தார்.

"அடுத்த தடவை ஒங்க வீட்டுக்கே வந்துடறோம் சம்பந்தி. கீழ் வீடுதானே?"

மூன்றாவது மாடி. லிப்ட் கிடையாது.

"ஆமாங்க," என்று சொல்லிவிட்டேன். இப்போதெல்லாம், ஒரு நாளைக்கு வீட்டை இரவல் கேட்க வேண்டிய கீழ் வீட்டுக்காரரைப் பார்த்தால்தான் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.