மறந்தவர்களின் முகவரி

காக்ஸ் டவுன் ஜெசிந்தாவின் வியாபாரமே மற்றவர்களின் மறதியில்தான் நடக்கிறது. இணையதளப் பெயரைப் புதுப்பிக்க யாராவது மறந்துவிட்டால் அது ஏலத்துக்கு வரும். அதை எடுத்து, வேண்டியவருக்கு நல்ல லாபத்தில் விற்பார். பழைய உரிமையாளர் வந்து அழுதாலும் மசியமாட்டார். “மறந்தா போச்சு. நான் என்ன அவங்க அம்மாவா?” என்பார்.

அப்படித்தான் சிவாஜிநகர் ரத்ததானக் குழு ஒன்றின் இணையதளப் பெயரையும் எடுத்தார். மறுநாளே ஒரு சூதாட்டக் கம்பெனி, கேட்ட விலை தருவதாகச் சொன்னது. அந்த முகவரிக்கு இன்னும் நிறையப் பேர் வருகிறார்களாம். யார் வருகிறார்கள் என்று பார்க்க, ஜெசிந்தா அதில் செய்தி எழுதி அனுப்ப ஒரு பக்கம் போட்டுவைத்தார். ‘பி பாசிடிவ் கிடைக்குமா?’, ‘ஓ நெகடிவ் வேண்டும், அவசரம்’ என்று ஆஸ்பத்திரி வாசல்களிலிருந்து செய்திகள் வந்து விழுந்தன.

கம்பெனிக்கு முடியாது என்று சொல்லிவிட்டு, குழுவை நடத்தும் ரகுராமைத் தேடிப்பிடித்து வீட்டுக்கு வரவழைத்தார்.

“ரினியூவல் மெயிலெல்லாம் என் பழைய ஆபீஸ் ஐடிக்குப் போயிருக்கு மேடம். வேலை மாறினதுல கவனிக்கல. எவ்வளவு எதிர்பார்க்கறீங்க?” என்றான் பயந்துகொண்டே.

“பத்து வருஷத்துக்குக் கட்டிட்டேன். உன் பேருக்கு மாத்தணும், சொந்த மெயில் குடுப்பா. அடுத்த வாட்டி மறந்தே, வித்துடுவேன்.”

வீட்டுக்குப் போய் ரகுராம் தளத்தைத் திறந்தான். வந்திருந்த ஒவ்வொரு செய்திக்கும் ஜெசிந்தா ரத்தம் தர ஆள் பிடித்துக் கொடுத்திருந்தார். ஓ நெகடிவ் கேட்டவருக்கு மட்டும் வேறு பதில்: ‘நானே வருகிறேன்.’