ஊருக்கு ஒரு பாஸ்வேர்டு

நான் செய்யும் வேலையை என் மாமியாருக்குப் புரியவைக்க எனக்கு முழுதாக ஒரு மத்தியானம் பிடித்தது. ஒரு பொருளைப் பற்றி என் வெப்சைட்டில் எழுதுவேன், எழுத்துக்குக் கீழே ஒரு லிங்க் இருக்கும், அதை அமுக்கி யாராவது அந்தப் பொருளை வாங்கினால் விற்ற கம்பெனி எனக்கு நூற்றுக்கு இத்தனை என்று கொடுக்கும், இதற்குப் பெயர் அஃபிலியேட் மார்க்கெட்டிங் என்று கரும்பலகை ஒன்றுதான் இல்லை, மற்றபடி பாடமே நடத்தினேன். அவர் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவே இல்லை. கடைசியில், "தரகுன்னு சொல்லு. அதுக்கு எதுக்கு இம்புட்டு நேரம்?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அருப்புக்கோட்டையில் வத்தலுக்குத் தரகர் உண்டு, பருத்திக்கு உண்டு, ஆட்டுக்கு உண்டு, கல்யாணத்துக்கும் உண்டு. அந்த வரிசையில் போய் நிற்கவா நான் காசு கட்டி ஆன்லைனில் கோர்ஸ் படித்தேன் என்று கோபம் வந்தது. ஆனால் அந்தக் கோர்ஸ் நடத்தியவர் நாற்பது வீடியோக்களில் சொன்னதை என் மாமியார் ஒரே சொல்லில் சொல்லிவிட்டார் என்பதை மறுநாள் ஒப்புக்கொண்டேன். மனசுக்குள்தான்.

அதற்கு முன்னால் ஒன்பது வருஷம் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்தேன். ஆறாம் வகுப்புக்குப் படம் வரையச் சொல்லிக்கொடுப்பதுதான் முக்கால்வாசி வேலை. ஒன்பது வருஷமும் அதே ஓட்டு வீடு, அதே தென்னை மரம், இரண்டு மலைகளுக்கு நடுவே அதே சூரியன். கடைசி வருஷம் நிஜத் தென்னை மரத்தைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும் அளவுக்குப் போயிற்று. ஒரு வருஷம் லீவு எடுத்து இதைச் செய்து பார்க்கிறேன் என்று வீட்டில் சொன்னேன்.

என் கணவர் ஸ்பின்னிங் மில்லில் ஷிப்டு சூப்பர்வைசர். எதற்கும் ஒரு ஆரம்ப நேரமும் முடிவு நேரமும் வேண்டும் அவருக்கு. "செய்யி. ஆனா அடுத்த ஜூன்ல ஸ்கூல் தொறக்கையில, மாசம் வாங்குன சம்பளத்துக்கு ஒரு ரூவா கொறஞ்சாலும் திரும்பப் போயிரணும். சரியா?" என்றார். சரி என்றேன். பிரின்சிபால் மேடமும் ஜூன் வரைக்கும் இடத்தை வைத்திருப்பதாக வாய்வார்த்தையாகச் சொன்னார். ஆக, ஜூனுக்குள் ஜெயிக்க வேண்டும், இல்லையென்றால் தென்னை மரம்.

முதல் மூன்று மாதம் கோர்ஸில் சொன்னபடி இங்கிலீஷில் ஹெட்செட் பற்றியும், உடம்பு இளைக்கும் டீத்தூள் பற்றியும் எழுதினேன். படித்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி நான். இன்னொருவர் மில்லில் வைஃபை கிடைக்கிற நாளில் மட்டும் படித்தார்.

புரட்டாசியில் ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் என் பழைய மாணவி ஒருத்தியின் அப்பாவைப் பார்த்தேன். பரளச்சிக்கு மேற்கே ஒரு சின்ன ஊர் அவருக்கு. மானாவாரியில் மக்காச்சோளம் போட்டிருந்தார். "டீச்சர், கம்ப்யூட்டர்ல பொருளப் பத்தி எழுதுறீகளாமே. பேட்டரில ஓடுற மருந்தடிக்கிற மிஷினு எது நல்லாருக்கும்? புழு குருத்தத் திங்குது" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஒன்றை வாங்கினேன், அவர் காட்டுக்கே எடுத்துப் போனேன், வெறுந்தண்ணீர் நிரப்பி முதுகில் மாட்டிக்கொண்டு நான்கு சால் நடந்தேன். கரிசலில் கால் புதைய, பட்டை தோளை அறுக்க, வரப்பில் நின்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அன்று ராத்திரியே தமிழில் எழுதினேன். எத்தனை டேங்குக்குச் சார்ஜ் நிற்கும், பட்டைக்கு அடியில் பழைய துண்டை மடித்து வைக்காவிட்டால் தோள் என்ன ஆகும், மருந்து பீய்ச்சும் நாசில் அடைத்தால் எதைக் கொண்டு குத்தக்கூடாது என்று எல்லாம் எழுதினேன். ஒரு வாரத்தில் அதைப் படித்தவர்கள் ஆயிரத்தைத் தாண்டினார்கள். அடுத்து காட்டுப்பன்றி விரட்டும் விளக்கு, சோளம் காயப்போடும் தார்ப்பாய், களை வெட்டும் மிஷின் என்று ஒவ்வொன்றாக வாங்கி, பாடுபட்டு, எழுதினேன். விளக்கைக் கண்டு பன்றி ஓடவில்லை என்றால் ஓடவில்லை என்றே எழுதினேன். அதனால்தான் நம்பினார்கள் என்று நினைக்கிறேன்.

நம்பினார்கள், ஆனால் ஒருத்தரும் லிங்கை அமுக்கவில்லை. நேரே வீட்டுக்கு வந்தார்கள்.

முதல் ஆள் அந்த மாணவியின் அப்பாதான். கையில் பணம், இன்னொரு கையில் ஒரு பை நிறையக் கொத்தவரங்காய். "நீங்களே போட்டு விடுங்க டீச்சர்" என்றார். அவர் போனிலிருந்தே போடலாமே என்று எடுத்துக் காட்டினேன். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். சரி என்று என் போனில் என் லிங்கைத் திறந்து நானே அமுக்கினேன். மிஷின் ஒரு கீறல் இல்லாமல் வந்தது. அந்த வருஷம் அவர் காட்டில் சோளம் கதிர் முட்டி நின்றது. மழை நல்ல மழை, யார் காட்டிலும் கதிர் முட்டித்தான் நின்றிருக்கும். ஆனாலும் பரளச்சிப் பக்கம் பூராவும் ஒரே பேச்சு: டீச்சருக்குக் கைராசி.

அதற்கப்புறம் லிங்காவது, மண்ணாவது. சிலர் சட்டைப் பையில் நல்ல போன் வைத்திருப்பார்கள், மகன் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருப்பான், ஆனாலும் பஸ் பிடித்து வந்து, "ஒங்க கையால அமுக்குங்க" என்பார்கள். ஒருத்தர் ராகுகாலம் முடியட்டும் என்று எங்கள் வாசலில் அரைமணி நேரம் நின்றார். பார்சல்களும் எங்கள் வீட்டுக்கே வரும். மாமியார் முதலில் முணுமுணுத்தார், பிறகு அவரே பார்சலுக்குக் கையெழுத்துப் போட்டு வாங்கி வைக்க ஆரம்பித்தார். எனக்கும் பெருமை தலைக்கு ஏறிவிட்டது, அதை மறைத்து என்ன? தை மாதம் வந்த தரகு என் பள்ளிக்கூடச் சம்பளத்தைத் தாண்டியது. கணவர் அந்தக் கணக்கை இரண்டு தடவை படித்துவிட்டு, "பரவால்லயே" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய வார்த்தை.

மாசி மாதம் கம்பெனியிலிருந்து ஒரு மெயில் வந்தது. உங்கள் லிங்க் வழியாக நீங்களே பொருள் வாங்கியிருக்கிறீர்கள், இது விதிகளுக்கு விரோதம், உங்கள் கணக்கு மூடப்படுகிறது, மீதித் தரகு தரப்படாது. இவ்வளவுதான். ஒரே ஆள், ஒரே போன், ஒரே முகவரி, நாலு மாதத்தில் அறுபது மருந்தடிக்கும் மிஷின். அவர்கள் இடத்தில் நானிருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன். அந்த விதி, சேரும்போது படிக்காமலே 'ஒத்துக்கொள்கிறேன்' என்று டிக் அடித்த நீளப் பக்கத்தில் தெளிவாக இருந்தது. மாணவர்களிடம் எதையும் படிக்காமல் டிக் அடிக்காதே என்று ஒன்பது வருஷம் கத்தியவள் நான்.

கம்பெனிக்குக் கைராசி என்றால் என்ன என்று இங்கிலீஷில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். சோளம் கதிர் முட்டிய கதையையும் சேர்த்தேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று மெஷின் பதில் போட்டது. அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். மாமியார் பக்கத்தில் வந்து, "தரகுல இதெல்லாம் உள்ளதுதான். மொகத்தக் கழுவு" என்றார். அது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகவும் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

ஜூனுக்கு நாலு மாதம்கூட இல்லை. வேறு ஒரு கம்பெனியில் தரகுக்குச் சேர்ந்தேன். இந்தத் தடவை யாருக்கும் நான் அமுக்குவதில்லை என்று வாசலில் எழுதி ஒட்டினேன். கூடவே வெப்சைட்டில் உறுப்பினர் திட்டம் ஒன்றையும் தொடங்கினேன். வருஷத்துக்கு ஒரு சின்னத் தொகை கட்டினால் பாஸ்வேர்டு கிடைக்கும். உள்ளே வந்து எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது, பழுதானால் என்ன செய்வது என்று எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேட்கலாம், நான் விசாரித்து, தேவைப்பட்டால் செய்து பார்த்து, பதில் சொல்வேன். நூறு பேராவது சேர்வார்கள் என்று கணக்குப் போட்டேன்.

சித்திரை முடியும்வரை சேர்ந்தது பதினாறு பேர். ஆனால் கேள்விகள் மட்டும் மழையாகக் கொட்டின. அதில் பாதிக்கு மேல் ஒரே உறுப்பினர், நம் மாணவியின் அப்பா. காலையில் பருத்திக்குக் கேட்பார், பத்து நிமிஷத்தில் ஆட்டுத்தீவனம் வெட்டும் மிஷினுக்கு, அடுத்த நிமிஷம் தையல் மிஷினுக்கு. ஒருநாள் மாவு மில் மோட்டாருக்கும், வாய்க்கு ரொம்பப் பெரிதாகிவிட்ட பல்செட்டுக்கும் சேர்த்து ஆலோசனை கேட்டார். அவருக்குப் பல் எல்லாம் நன்றாகவே இருந்தது. வெப்சைட்டுக்குள் போய்ப் பார்த்தேன். அவர் கணக்கு ஒரே நேரத்தில் முப்பத்தோரு போன்களில் திறந்திருந்தது.

மறுநாளே பஸ் ஏறினேன். வழி நெடுகத் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டே போனேன். அந்த ஊர் பால் சொசைட்டி வாசலில் ஒரு கரும்பலகை தொங்கியது. மேலே அன்றைய பால் விலை. கீழே, அழகான கையெழுத்தில், என் வெப்சைட்டின் பெயரும் பாஸ்வேர்டும்.

"என்னண்ணே இது?" என்று கேட்டேன். பால் ஊற்ற வந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

அவர் முகத்தில் துளி கூச்சம் இல்லை. "வாங்க டீச்சர்! ஊருக்கு ஒண்ணு வாங்கியிருக்கோம்ல" என்றார்.

"ஊருக்கு ஒண்ணா? இது ஆளுக்கு ஒண்ணு வாங்குறதுண்ணே."

"அதெப்படி டீச்சர்? மைக்செட்டு ஊருக்கு ஒண்ணு, பந்திப் பாயி ஊருக்கு ஒண்ணு, அண்டா ஊருக்கு ஒண்ணு. வீட்டுக்கு வீடு அண்டாவா வாங்குவாக? பிரிச்சுத்தான் கட்டுனோம், வீட்டுக்கு நாலு ரூவா. யாரும் ஓசியில படிக்கல."

வார்த்தை வார்த்தையாகச் சேர்த்துக் கொண்டுபோனதில் ஒன்றுகூட உதவவில்லை. அவர்கள் என்னை ஏமாற்றவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அங்கேயே, பால் கேன்களுக்கு நடுவே, உள்ளதை உடைத்துச் சொன்னேன். கம்பெனி கணக்கை மூடியது, கணவருக்குக் கொடுத்த வாக்கு, பன்னிரண்டு நாளில் பள்ளிக்கூடம் திறக்கிறது, சம்பளம் தேறாவிட்டால் நான் திரும்பப் போயாக வேண்டும், அப்புறம் இந்தப் போர்டில் எழுத ஒன்றும் இருக்காது. குரல் நடுங்கியது. டீச்சர் குரல் நடுங்கினால் எப்படி இருக்கும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

பால் ஊற்ற வந்த ஒரு பெண் கேட்டார், "சரி டீச்சர், ஊருக்கு மொத்தமான்னா எம்புட்டு?"

நான் அதை யோசித்ததே இல்லை. எந்த வீடியோவிலும் அது வரவில்லை. வீட்டுக்கு வருஷம் இருநூறு என்று வாயில் வந்ததைச் சொன்னேன். அன்று சாயந்திரமே கோயில் முன்னால் ஊர் கூடியது. கோயில் பொங்கலுக்கு வரி எழுதுகிற அதே நீள நோட்டை எடுத்து வந்தார்கள். இங்கெல்லாம் வரி தலைக்கட்டுக் கணக்கு. கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு, புருஷன் இல்லாத பெண் என்றால் அரை. என் கணவர் ஊரான பாலவனத்தத்திலும் அப்படித்தான், வருஷா வருஷம் அவர் பெயருக்கு ரசீது வரும். ஒவ்வொரு பெயராகப் படிக்கப் படிக்க ஆட்கள் தலையாட்டினார்கள். பக்கத்து இரண்டு ஊர்களிலும் பேசி முடிக்கிறோம் என்று நாலு பேர் பொறுப்பேற்றார்கள்.

கடைசிப் பெயருக்கு அப்புறம் நோட்டு எழுதியவர் பேனாவை மூடவில்லை. மாணவியின் அப்பா என்னைப் பார்த்து, "டீச்சர், உங்களுக்கும் ஒரு தலைக்கட்டு எழுதிருவோம். ஊருக்கு வேல செய்யிறவுக, பொங்கலுக்குக் கறியும் பங்கும் வரணும்ல. வரி மட்டும் கட்டிரணும், அதுல தள்ளுபடி கெடையாது" என்றார். எழுதியவர் என்னிடம் பெயர் கேட்டார். பழக்கத்தில் கணவர் பெயரைச் சொன்னேன். "அவுக பேரு எதுக்கு? உங்க பேரு" என்றார். அரையா முழுசா என்று யாரும் கேட்கவில்லை. அவராகவே ஒன்று என்று போட்டார். கையிலிருந்த பஸ் காசை அட்வான்ஸாகக் கொடுத்துவிட்டு, மாணவியின் அப்பா பைக்கில்தான் வீடு வரை வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கணவர் என் கணக்கு நோட்டோடும் கால்குலேட்டரோடும் உட்கார்ந்தார். புதுக் கம்பெனித் தரகு, பதினாறு உறுப்பினர், மூன்று ஊர், எல்லாவற்றையும் மாதத்துக்குப் பிரித்துப் பார்த்தார். சம்பளத்துக்கு எண்ணூறு ரூபாய் குறைந்தது. வாக்கு வாக்குதான், திங்கட்கிழமை பிரின்சிபால் மேடத்துக்குப் போன் செய்துவிடுகிறேன் என்று அவரிடம் சொன்னேன்.

"இதென்ன, வரின்னு ஒரு செலவு எழுதியிருக்க?" என்று கேட்டார்.

"அந்த ஊர்ல நம்மளுக்குத் தலைக்கட்டு போட்டுட்டாக."

அவருக்குப் புரியவில்லை. "எம் பேருலயா? எனக்கு அங்க யாரத் தெரியும்?"

"உங்க பேருல இல்ல. எம் பேருல. முழுசா ஒண்ணு."

கால்குலேட்டரை அணைத்தார். சமையற்கட்டுப் பக்கம் திரும்பி, "யம்மா, இங்க வா, ஒம் மருமகளுக்குத் தலைக்கட்டு போட்டிருக்காகளாம், முழுத் தலைக்கட்டு" என்று கத்தினார். பிறகு என்னிடம், "திங்கக்கெழம வரைக்கும் எதுக்கு? இப்பவே போன் பண்ணி ஸ்கூலுக்கு வரலைன்னு சொல்லிரு" என்றார்.