ஞானதாஸ் சாருக்கு மணி அடிக்கலாமா?

“டீச்சர், ஞானதாஸ் சார் போயிட்டாருங்க. மணி அடிக்கவா, வேணாமா?”

நம் சபைக் கோயிலில் மணி அடிக்கும் கோயில்பிள்ளை யோபு போனில் இப்படித்தான் கேட்டார். காலை ஆறரை மணி. பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். “எங்க போயிட்டாரு?” என்று திருப்பிக் கேட்டேன். முப்பத்தைந்து வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் கேட்ட கேள்வி இது. யோபு மூக்கை உறிஞ்சினார். செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவே இல்லையாம். ஐம்பத்தாறு வயது. அதற்கு இரண்டு நாள் முன்பு ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து என்னைப் பார்த்துத் தலையாட்டிய மனுஷன்.

செத்தவர் சபை உறுப்பினர் என்றால் கேட்காமலே மணி அடித்துவிடுவார் யோபு. இவருக்கு மட்டும் ஏன் கேட்டார் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். நம் சபை மாத மடலின் கடைசிப் பக்கம் ஏழு வருடமாக அவருடையது. அதில் இன்றைக்கு நான் உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கிறது. மழுப்பி எழுத எனக்கு வராது.

ஞானதாஸ் தாலுகா ஆபீசில் சர்வேயர். வாலிபத்தில் ஊழியத்துக்குப் படிக்க இறையியல் கல்லூரிக்குப் போய், அப்பா படுத்த படுக்கையானதும் இரண்டே வருடத்தில் திரும்பி வந்தவர். படிப்பு போயிற்று, வேதாகமத்தின் மூலமொழியான எபிரெயம் மட்டும் ஒட்டிக்கொண்டது. மாதம் ஒரு எபிரெயச் சொல்லை எடுத்து விளக்கி எழுதுவார். தமிழைத் திருத்துவது என் வேலை. ஒரு முறை விக்கிரகங்களைத் தீர்க்கதரிசிகள் அழைக்கும் ‘ஹெவெல்’ என்ற சொல்லை எழுதிக்கொண்டு வந்தார். “வீண்னு ஒரு வார்த்தையில முடிங்களேன் சார், எதுக்கு இவ்வளவு நீட்டி முழக்குறீங்க?” என்றேன். “மார்கழியில வாயைத் தொறந்தா பொகை மாதிரி வருமே டீச்சர், அந்த மூச்சு அது. கண்ணுக்குத் தெரியும், கையில நிக்காது. வீண்னு சொன்னா அது தெரியுமா?” என்றார். அரை மணி நேரம் சண்டை போட்டுவிட்டு விட்டுக்கொடுத்தேன். ‘புகையின் பின்னால் போகிறவன் தானும் புகையாகிறான்’ என்று அந்தக் குறிப்பு முடியும். கடைசி வரியைச் செதுக்கியது நான்தான். அதில் எனக்கு அவ்வளவு பெருமை.

குன்றாண்டார்கோவில் பக்கம் ஒரு கூட்டத்துக்கு வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் அந்தக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, குடைவரைக் கோயில் இருக்கும் திசையைக் காட்டி முழங்க ஆரம்பித்தார். ஞானதாஸ் எழுந்தார். “ஐயா, மன்னிக்கணும். தீர்க்கதரிசிங்க இதை அடுத்த வீட்டுக்காரனப் பாத்துச் சொல்லல. சொந்த வீட்டுக்குள்ள நின்னு சொந்த சனத்தப் பாத்துச் சொன்னாங்க. நாம எதுக்கு சன்னல் வழியா வெளிய கத்தணும்?” நான் ஒருத்திதான் கைதட்டினேன். இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நான் மறந்துபோனேன்.

திருக்கோகர்ணத்தில் அவர் பக்கத்து வீட்டுக்காரர் கருப்பையா, கோயில் வாசலில் பூக்கடை வைத்திருந்தவர். வீட்டில் மனைவி மட்டும்தான்; ஒரே மகள், அவளும் சிங்கப்பூரில். பங்காளிகளோடு பேச்சுவார்த்தை கிடையாது. ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, “எனக்கு யாரு சார் கொள்ளி வைப்பா?” என்று அழுதிருக்கிறார். ஞானதாஸ், “நான் இருக்கேன்ல, பேசாமப் படுங்க” என்று சொல்லியிருக்கிறார். நாமெல்லாம் சொல்வோமே, அந்த மாதிரிதான் சொன்னார் என்று யாரும் நினைப்பார்கள். கருப்பையா இறந்த அன்று பங்காளிகள் ஒருவரும் வரவில்லை. ஞானதாஸ் வேட்டியை மடித்துக்கட்டி, கொள்ளிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். தண்ணீர்க் குடத்தைத் தோளில் வைத்துச் சுற்றி வந்தார், தீயும் வைத்தார். யாரோ அதைப் போனில் படம் எடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் அது நம் சபை வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது.

கிறிஸ்தவர் ஒருவர் இந்துச் சடங்கு செய்ததை விசாரிக்க மூன்று பேர் கொண்ட கமிட்டி போட்டார்கள். நான் அதில் ஒருத்தி. தமிழ் டீச்சர் ஆயிற்றே, தீர்ப்பை எழுதும் வேலையும் என் தலையில். எழுதினேன். இன்றைக்கும் அந்தத் தாளை நினைத்தால் கை கூசுகிறது. ‘இவரே நம் மடலில் எழுதியுள்ளபடி’ என்று தொடங்கி, அவருடைய ஹெவெல் குறிப்பை எடுத்து அவர் மேலேயே வைத்தேன். என்ன ஒரு கெட்டிக்காரத்தனம்! மற்ற இரண்டு பேரும், “பிரமாதம் டீச்சர்” என்றார்கள். எனக்கும் உள்ளுக்குள் குளிர்ந்தது. அதுதான் உண்மை.

வாசித்துக் காட்டியபோது அவர் முகம் மாறவில்லை. “குறிப்பு சரிங்க டீச்சர். ஆனா அதுக்கு முந்துன மாசம் எழுதுனது இதுல இல்லையே” என்றார். முந்தின மாதச் சொல் ‘பெரித்’, உடன்படிக்கை. எபிரெயர்கள் உடன்படிக்கையைச் செய்வதில்லை, வெட்டுவார்கள் என்று எழுதியிருந்தார். மிருகத்தை இரண்டாகப் பிளந்து, நடுவே நடந்து போவார்கள். சொன்ன சொல்லை மீறினால் எனக்கும் இதே கதி என்று அர்த்தம். அதையும் திருத்தியவள் நான்தானே. எனக்குத் தெரியாதா? இரண்டு குறிப்பில் எனக்குத் தோதானதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டேன். “கருப்பையாவுக்கு வாக்குக் குடுத்துட்டேன், செஞ்சேன். வேற ஒண்ணும் இல்லைங்க” என்று சொல்லிவிட்டு, தாளின் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஆறு மாதம் திருவிருந்தில் அப்பமும் ரசமும் கிடையாது. அந்தக் காலத்துக்குள் இறந்தால் மணி கிடையாது, உடல் கோயிலுக்குள் வராது. இந்தக் கடைசிப் பகுதி பழைய விதி. யாரும் அதைச் சத்தமாக வாசிக்கக்கூட இல்லை. யார் சாகப்போகிறார்கள் என்ற நினைப்பு.

தண்டனைக் காலத்திலும் ஒரு ஞாயிறு தவறாமல் வந்தார். எல்லோரும் திருவிருந்துக்கு எழுந்து போகும்போது அவர் மட்டும் உட்கார்ந்திருப்பார். நான் அவரைத் தாண்டித்தான் போவேன். ஆனால் மாதக் குறிப்பு நிற்கவில்லை. ஸ்கூட்டரில் வந்து கேட்டருகே நின்றே கொடுப்பார். “உள்ள வாங்க சார், காபி போடுறேன்” என்றால், “ஆறு மாசம் முடியட்டும் டீச்சர், வந்து ரெண்டு டம்ளரா குடிக்கிறேன்” என்று சிரிப்பார். ரோஷத்தைப் பார் என்று எனக்கு எரிச்சலாக வரும். கடைசியாகக் கொடுத்த சொல் ‘மிஷ்பாத்’, நியாயத்தீர்ப்பு. “எபிரெயத்துல நியாயம் தீர்க்கிறவன் நாற்காலியில உக்காந்தே இருக்க மாட்டான் டீச்சர். அடிபட்டவன் இருக்குற எடத்துக்கு எந்திரிச்சுப் போவான். அதைக் கொஞ்சம் நல்ல தமிழ்ல போட்டுக் குடுங்க” என்றார். எனக்குச் சொன்னதாக அப்போது உறைக்கவில்லை. இப்போதும் அவர் குத்திக்காட்டினார் என்று நினைக்கவில்லை. அவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

அவர் இறந்த அன்று தண்டனை முடிய இன்னும் பதினோரு நாள் இருந்தது. ஆட்டோ பிடித்துச் சபைச் செயலர் வீட்டுக்குப் போனேன். அவர், “விதி இருக்கே டீச்சர். கமிட்டி கூடணும், மூணு பேரும் வரணும்” என்றார். ஒருவர் சென்னையில், ஒருவர் போன் எடுக்கவில்லை. “என் கையெழுத்தை நான் வாபஸ் வாங்கிக்கிறேன், எழுதிக்குங்க” என்று கத்தினேன். “செத்தவரு பேர்ல போட்ட கையெழுத்த எப்படிங்க டீச்சர் வாபஸ் வாங்குறது?” என்று அவர் பாவமாகக் கேட்டார். கெஞ்சினேன், திட்டினேன், அவர் வாசல்படியில் உட்கார்ந்து அழுதேன். கடைசியில் ஆயரே வந்து, “இது என் பொறுப்பு, அடிக்கச் சொல்லுங்க” என்றார். பதினோரு மணிக்கு மணி அடித்தது.

சாயங்காலம் உடல் கோயிலுக்குள் போயிற்று, பாட்டு உண்டு, ஜெபம் உண்டு, எல்லாம் முறைப்படி. கருப்பையாவின் மனைவி ஒரு பெரிய ரோஜா மாலையோடு கேட்டுக்கு வெளியே தயங்கி நின்றாள். ஞானதாஸின் மனைவி ஸ்டெல்லாதான் போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு வந்தாள்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து எல்லோரும் போனபிறகு ஸ்டெல்லாவிடம் போனேன். மணி அடிக்க வைத்தது நான்தான் என்று சொல்லவேண்டும்போல் இருந்தது. சொன்னேன். வெட்கங்கெட்டுச் சொன்னேன். அவள் என்னை உற்றுப் பார்த்தாள்.

“காலைல ஆறு மணிக்குப் போயிட்டாரு. பதினோரு மணிக்கு அடிச்சீங்க. அதுவரைக்கும் நடுவீட்டுல கெடந்தாரே, அப்ப அவரு யாரு டீச்சர்?”

அவரோடு எனக்கு ஏழு வருடப் பழக்கம், எண்பதுக்கு மேல் சொற்கள். அதெல்லாம் உங்களிடமும் இருக்கிறது, பழைய மடல்களை எடுத்து வாசித்துக்கொள்ளுங்கள். என்னிடம் தனியாக இருப்பது அந்த ஐந்து மணி நேரம். அதை நான் வேறு யாரிடமும் கொடுக்கப் போவதில்லை.