மெரூன் கோட்டு

படத்தில் கதையைப் பார்க்காமல் கதாநாயகி வீட்டுச் சோபாவைப் பார்க்கிறேன் என்று என் பத்திரிகை ஆசிரியருக்கு என்மேல் நெடுநாள் வருத்தம். படங்களுக்கும் சீரியல்களுக்கும் விமர்சனம் எழுதிப் பிழைக்கிறவள் நான். போன வாரம்கூட ஒரு தொடரில் கோடீஸ்வரர் வீட்டில் கிடந்த சோபா, இன்னொரு தொடரில் ஏழை வாத்தியார் வீட்டில் கிடப்பதைக் கண்டுபிடித்து எழுதினேன். "இதெல்லாம் யாருக்கும்மா வேணும்?" என்று அந்த வரியை வெட்டிவிட்டார். வெட்டட்டும். எட்டு வயதில் வந்த புத்தி, இனி எங்கே போகப்போகிறது?

குளச்சலுக்குப் பக்கத்தில் கடலோரம் எங்கள் வீடு. தெருவில் டிவியும் வீடியோ டெக்கும் இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். கல்ஃபுக்குப் போன அப்பா முதல் வருடமே கொடுத்தனுப்பியவை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வாடகைக் கேசட்டோடு தெருவே வந்து உட்காரும். பொத்தானை அமுக்கும் உரிமை எனக்கு மட்டும். அந்தத் திமிரில் படம் முடிந்ததும் தீர்ப்பும் நானே சொல்வேன். "பிள்ளே, படம் கொள்ளாமா?" என்று கேட்பார்கள். நன்றாக இருக்கிறதா என்று அர்த்தம். "சண்டை கொள்ளாம், அழுகைதான் கூடிப்போச்சு" என்பேன். பெரியவர்கள் சிரிப்பார்கள். அடுத்த வாரமும் கேட்பார்கள்.

அப்பா போய் இரண்டு வருடம் ஆனபோது, ஊருக்கு வந்த ஒருவரிடம் ஒரு கேசட் கொடுத்துவிட்டிருந்தார். போட்டால் அதில் அப்பாவே இருந்தார். நீல வெல்வெட் சோபா, பக்கத்தில் பிளாஸ்டிக் ரோஜா, சுவரில் முள் அசையாத ஒரு கடிகாரம். மெரூன் நிறக் கோட்டு போட்டு, கால்மேல் கால் போட்டு, "எனக்கு இங்க நல்ல சுகம். இதுதான் நம்ம ரூமு" என்றார். கம்பெனியில் சூப்பர்வைசர் என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிவைத்ததற்கு இப்போது சாட்சி கிடைத்தது. விமானம் ஏற்றிவிட்ட அன்று அவர் போட்டிருந்தது ஒரு கட்டம்போட்ட சட்டை. அதில் ஒரு பொத்தான் அறுந்து, அவசரத்துக்கு அம்மா சிவப்புப் பொத்தான் ஒன்றைத் தைத்துக் கொடுத்திருந்தாள். அந்த அப்பாதான் இந்த அப்பா என்று நம்பவே எனக்குச் சில நாட்கள் ஆனது.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சன்னல்களைச் சாத்திவிட்டு அந்தக் கேசட்டைப் போடுவேன். அறை முழுக்க நீல வெளிச்சம் நிறையும். கேசட்டின் இரைச்சலும் கடலின் இரைச்சலும் கலந்து, எது எது என்று தெரியாமல் போகும். பாதித் தூக்கத்தில் நானும் போய் அந்தச் சோபாவில் படுத்துக்கொள்வேன். வெல்வெட் கன்னத்தில் படும். பிளாஸ்டிக் ரோஜா மணக்கும். அப்பா எனக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருப்பார். அந்த நாட்களைப்போல் சுகமாக நான் பிறகு எந்தப் படமும் பார்த்ததில்லை.

எதிர்வீட்டு மாமாவும் அப்பா இருந்த ஊரில்தான் வேலை பார்த்தார். அந்த வீட்டு அக்காவைப் பெண் கேட்டு மணவாளக்குறிச்சியிலிருந்து வந்திருந்தார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இந்த மாப்பிள்ளையை அக்காவுக்குப் பிடித்தும் இருந்தது. அவர்களுக்குத்தான் பெண்ணின் அப்பன் வெளிநாட்டில் என்ன நிலையில் இருக்கிறார் என்று தெரியாமல் பேச்சை முடிக்க மனமில்லை. நல்லவேளையாக அந்த வாரம்தான் மாமாவின் கேசட்டும் வந்திருந்தது. டெக் எங்களிடம் அல்லவா, எல்லாரும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவர்கள் கால்களில் ஒட்டியிருந்த கருமணல் எங்கள் சிமென்ட் தரையில் உதிர்ந்து மினுங்கியது.

நான் பொத்தானை அமுக்கினேன். நீல சோபா. பிளாஸ்டிக் ரோஜா. முள் அசையாத கடிகாரம். மணிக்கட்டுக்கு எட்டாத மெரூன் கோட்டுக்குள் இருந்து மாமா, "இதுதான் நம்ம ரூமு" என்றார்.

"இது எங்க அப்பாக்க சோபா" என்றேன். யாருக்கும் கேட்கவில்லையோ என்று இன்னும் உரக்க, "கோட்டும் எங்க அப்பாக்கதுதான். மாமாக்குக் கை எட்டல்ல பாருங்க."

யாரும் சிரிக்கவில்லை. எதிர்வீட்டு மாமியின் முகம் வெளுத்துவிட்டது. கதவோரம் நின்ற அக்கா நிலையைப் பிடித்துக்கொண்டாள். மாப்பிள்ளையின் அம்மா மெதுவாகத் திரும்பி, "அப்போ இரவல் கோட்டா மைனி?" என்று மாமியிடம் கேட்டார்.

மாமி வாயைத் திறப்பதற்குள் என் அம்மா சிரித்தாள். "இரவல்தான். வாங்கினது எங்க ஆளாக்கும். அவருக்கு ஏது சோபா? அங்க மீன்பிடி போட்டில இல்லியா நிக்காரு. படம் எடுக்கதுக்கு இவங்க வீட்டு அண்ணன்கிட்ட ரூமும் கோட்டும் கேட்டு வாங்கினாரு. திருப்பிக் கொடுக்கும்போ அலக்கிக் கொடுத்திருப்பாரு, அதில சுருங்கிப்போச்சு போல. பிள்ளைக்கு என்ன தெரியும்?"

"அதுக்கென்ன, கடல்ல போறதும் தொழில்தானே" என்றார் மாப்பிள்ளையின் அம்மா, ஆறிப்போன சாயாவை எடுத்துக்கொண்டே. அன்றைக்கே கல்யாணம் நிச்சயமானது. மாமி போகும்போது அம்மாவின் கையைப் பிடித்தவர், விடவே இல்லை. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அப்பாவின் சோபாவை, கோட்டை, உத்தியோகத்தை எல்லாம் தெருவே பார்க்க அம்மா தூக்கி எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

"ஏம்மா பொய் சொன்ன?" என்று அழுதேன்.

பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தவள், "பொய்தான் மக்கா, விடு" என்றாள்.

எது பொய் என்று நான் கேட்கவில்லை. அப்பா போட்டில் நிற்பதுதான் பொய் என்று நானே முடிவுசெய்துகொண்டேன். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. அடுத்த வருடம் கல்ஃபுக்குப் போன அந்த மாப்பிள்ளையும் கேசட் அனுப்பினார். அதிலும் நீல சோபா, அதே ரோஜா, அதே கடிகாரம். மாப்பிள்ளையின் அம்மாவும் உட்கார்ந்து பார்த்தார். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ஆனால் நான் அடிக்கடி நினைப்பது, நிச்சயமான அந்த நாளின் சாயங்காலத்தைத்தான். எல்லாரும் போனபிறகு அம்மா தானே அப்பாவின் கேசட்டைப் போட்டாள். அப்பா பேசி முடித்தார். படம் முடிந்தது என்று நான் எப்போதும் அங்கே நிறுத்திவிடுவேன். அம்மா நிறுத்தவில்லை. அப்பா பக்கவாட்டில் யாரையோ பார்த்துத் தலையாட்டினார். அவசரமாக எழுந்து, கோட்டைக் கழற்றினார். உள்ளே அந்தக் கட்டம்போட்ட சட்டை, வெளுத்துப்போய். சிவப்புப் பொத்தான் அப்படியே இருந்தது. கோட்டை வாங்க ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டது. அதோடு படம் அறுந்தது.

அம்மா பின்னால் ஓட்டி மறுபடியும் போட்டாள். சோபாவை விட்டாள், பேச்சை விட்டாள், ஒரு கதையும் இல்லாத அந்தத் துண்டை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டாள். கேசட் சிக்கிக்கொண்டது, பாவம், அம்மாவுக்கு எடுக்கத் தெரியவில்லை என்று நினைத்து, நான் எழுந்துபோய் டெக்கை நிறுத்தினேன்.