கம்பமா, மூலையா

ராவிரி பெனேயின் முகத்தைவிட அவனுடைய இடுப்பெலும்பு எனக்கு நன்றாகத் தெரியும். ரக்பியில் இரண்டு அணியும் குனிந்து தோளோடு தோள் முட்டித் தள்ளும் ஸ்க்ரம்மில் அவன் முன்வரிசையின் நடு ஆள். நான் அவனுக்குப் பின்னால் தலையை நுழைத்துத் தள்ளுகிறவன். பதினோரு சீசன் அப்படித் தள்ளியிருக்கிறேன். என் வலது காது முட்டைக்கோசு இலை மாதிரி மடங்கிப்போனதற்கு அந்த எலும்புதான் காரணம். ஒருமுறை அவனிடமே இதைச் சொன்னேன். புருவத்தைத் தூக்கினான்.

ஆக்லாந்துக்குத் தெற்கே, எங்கள் கிழக்குக் கரையில் புருவத்தைத் தூக்கினால் ஆமாம் என்று அர்த்தம். டீ வேண்டுமா, லிஃப்ட் வேண்டுமா, தோள் வலிக்கிறதா, எல்லாவற்றுக்கும் அது போதும். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று மெரெயானா கேட்டபோதும் அவன் வாயைத் திறக்கவில்லை. கல்யாண விருந்தில் அவளே மைக்கைப் பிடித்துச் சொன்ன தகவல் இது.

இருபத்திரண்டு வயதுவரை ராவிரி ஊர் இறைச்சித் தொழிற்சாலையில் எலும்பு நீக்கும் வரிசையில் நின்றவன். ஷிப்ட் முடிந்து ஆட்டுக்கொழுப்பு வாசனையோடு பயிற்சிக்கு வருவான். எதிர்வரிசைக்காரர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு ஸ்க்ரம்முக்குள் வருவார்கள். மாவட்ட அணியின் நடு ஆளுக்குக் கழுத்தில் அடிபட்ட வாரம் இவனைக் கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகு அவன் தொழிற்சாலைக்குள் போகவில்லை. பிரான்சில் இரண்டு வருடம் ஆடினான். அங்கே கோச் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் புருவத்தைத் தூக்க, திமிர்பிடித்தவன் என்று பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார்கள். இருபத்தாறில் திரும்பி வந்தான். அடுத்த வருடம் கேப்டன்.

கேப்டன் ஆக்கியது கோச் நீல் ஹார்கஸ். நீல் தெற்குத் தீவுக்காரர். "செய்வியா?" என்று கேட்டிருக்கிறார். ராவிரி உடனே பதில் சொல்லிவிட்டான். நீல் மேலும் ஐந்து நிமிடம் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

ஏழு வருடம் அவன் தலைமையில் ஆடினோம். பேச்சு கிடையாது. ஆட்டத்துக்கு முன் வட்டமாகத் தோளைப் பிடித்து நிற்கும்போது ஒவ்வொருவன் முகத்தையும் பார்ப்பான். பிறகு முதல் மோதலுக்கு அவனே தலையைக் கொடுப்பான். நாங்கள் பின்னால் போவோம். அது எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. நீலுக்குப் போதவில்லை. ரக்பியில் நடுவரிடம் பேசும் உரிமை கேப்டன் ஒருவனுக்குத்தான், அதுவும் "சார்" போட்டு. முப்பது பேர் சேற்றில் புரளும் இடத்தில் எங்கள் நியாயத்தைச் சொல்ல இருந்த ஒரே வாய் ராவிரியுடையது.

ஏழாவது சீசனின் கடைசி லீக் ஆட்டத்தில் இது வெடித்தது. வெளிநாட்டிலிருந்து வந்த நடுவர் ராவிரியைக் கூப்பிட்டு, உன் ஆட்கள் திரும்பத் திரும்பத் தப்பு செய்கிறார்கள், அவர்களிடம் சொல்வாயா என்று கேட்டார். ராவிரி புருவத்தைத் தூக்கினான். அவர் இன்னொரு முறை கேட்டார். இவன் இன்னொரு முறை தூக்கினான். அடுத்த தப்புக்கு எங்களில் ஒருவன் மஞ்சள் அட்டை வாங்கிப் பத்து நிமிடம் வெளியே உட்கார்ந்தான். அந்தப் பத்து நிமிடத்தில் தோற்றோம்.

அப்படியும் இறுதி ஆட்டத்துக்குத் தகுதி பெற்றுவிட்டோம், எங்கள் மைதானத்திலேயே. வியாழக்கிழமை பயிற்சி முடிந்ததும் நீல் எல்லார் முன்னாலும் சொன்னார்.

"ராவிரி, சனிக்கிழமை நீ பேசணும். வாயத் தொறந்து பேசணும். இல்லேன்னா அடுத்த சீசன் கேப்டன் கேம்."

கேமரன் ஃபைஃப் எங்கள் பத்தாம் எண், உதைப்பவன், இருபத்துநான்கு வயது. ஆட்டுப்பண்ணைக்காரர் மகன். தூக்கத்தில்கூடப் பேசுவான், வெளியூர்ப் பயணங்களில் அவனோடு ஒரே அறையில் படுத்தவர்கள் சாட்சி. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வேண்டாம் என்று சொல்லவில்லை.

அதன் பொருள் எங்கள் எல்லாருக்கும் தெரியும். முப்பத்துநான்கு வயது முன்வரிசைக்காரனைக் கேப்டனாக வைத்துக்கொள்வார்கள். வெறும் ஆட்டக்காரனாக வைத்துக்கொள்ள மாட்டார்கள். பட்டம் போனால் ஒப்பந்தம் போகும். மறுபடி எலும்பு நீக்கும் வரிசைதான். ராவிரி அன்று வண்டியில் என்னிடம், "அங்க கத்தியெல்லாம் மாத்திட்டாங்களாம்" என்று மட்டும் சொன்னான்.

சனிக்கிழமை மதியம் இரண்டரைக்கு ஆட்டம். மைதானத்தைச் சுற்றிலும் வண்டிகள் முகப்பை உள்ளே காட்டி நின்றன. எங்கள் பக்கத்தில் கைதட்டுகிறவர்கள் குறைவு, ஹார்ன் அடிப்போம். எதிரே தெற்கின் பால்பண்ணைப் பையன்கள், ஒவ்வொருவனும் கதவு அகலம். வேலியோரம் மடக்கு நாற்காலியில் ராவிரியின் சித்தி ஹிரா. மடியில் பொரித்த ரொட்டி, வாயில் வசவு. ராவிரி குடும்பத்துக்கு ஒதுக்கப்பட்ட பேச்சு முழுவதையும் அவளே எடுத்துக்கொண்டுவிட்டாள் என்று ஊரில் சொல்வார்கள்.

நடுவர் லஃபாயேலே, சமோவாக்காரர், ஆக்லாந்தில் பள்ளி ஆசிரியர். நாணயம் சுண்டும்போது ராவிரியிடம், எல்லாம் சரிதானே என்று கேட்டார். ராவிரி புருவத்தைத் தூக்கினான். அவரும் தூக்கினார். சமோவாவிலும் அதற்கு அதே அர்த்தம்தான். ராவிரியின் தோள் தளர்ந்து இறங்கியதை நான் பார்த்தேன். பதினோரு சீசனில் முதல்முறையாக அவனுக்குத் தன் மொழி தெரிந்த நடுவர் கிடைத்திருக்கிறார்.

எழுபத்தைந்து நிமிடம் இரண்டு பேரும் சகோதரர்கள் மாதிரி நடந்துகொண்டார்கள். அவர் கேட்பார், இவன் தூக்குவான், ஆட்டம் நகரும். ஓரத்தில் நீல் தொப்பியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார். அவர் பார்த்ததெல்லாம் வாய் மூடிய ஒரு கேப்டன்.

ஐந்து நிமிடம் மிச்சம். அவர்கள் இருபது, நாங்கள் பதினாறு. அவர்கள் கோல் கோட்டிலிருந்து பன்னிரண்டு மீட்டரில், கோல் கம்பங்களுக்குக் கொஞ்சம் இடதுபுறம், எங்களுக்குப் பெனால்டி கிடைத்தது. எல்லா ஹார்னும் ஒன்றாக அலறியது.

கம்பத்துக்கு உதைத்தால் மூன்று புள்ளி. அப்போதும் ஒன்று குறையும். மூலைக்குப் போனால், பந்தை ஓரக்கோட்டுக்கு வெளியே உதைத்து, அங்கிருந்து ராவிரி உள்ளே எறிய, எட்டுப் பேராகத் தள்ளிக் கோட்டைக் கடக்கலாம். ஐந்து புள்ளி, கோப்பை. மூலைதான். வேலியோரத்து நாய்க்குக்கூடத் தெரிந்திருக்கும்.

கேம் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். "மூலைதானே மச்சான்?" ராவிரி அவனைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான். கேமுக்கு நேர் பின்னால் லஃபாயேலே நின்றிருந்தார். அதே நொடியில் அவரும் கேட்டார்: "கம்பமா, கேப்டன்?"

அவர் கை உயர்ந்து கம்பத்தைக் காட்டியது.

அப்படிக் காட்டிவிட்டால் முடிந்தது. கேப்டன் கம்பம் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் மாற்ற முடியாது, அது விதி. ஹார்ன்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஹிரா சித்தியின் குரல் மட்டும் தனியாக வந்தது: "எவன்டா அங்க கணக்குல ஃபெயிலு?"

கேம் ராவிரியின் சட்டையைப் பிடித்தான். அன்று ராவிரி எறிந்ததில் இரண்டு பந்துகள் எதிரி கைக்குப் போயிருந்தன. கேம் அதைத்தான் எடுத்தான். "எறியப் பயமா? சொல்லு, பயந்துட்டியா?"

ராவிரி நடுவரைப் பார்த்தான். சார், அது உங்களுக்கு இல்லை, இவனுக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கேட்கிற மனிதர்தான், ஒருவேளை மாற்றியும் இருப்பார். நீல் ஓரக்கோட்டில் நின்று இரண்டு கையாலும் தன் வாயைக் காட்டிக்கொண்டிருந்தார்: பேசு, பேசு.

ராவிரி பேசினான். ஆனால் எங்களிடம்.

"மூணு எடுக்கறோம். அப்புறம் அவங்கதான் உதைக்கணும், பந்து நமக்குத்தான் வரும். வந்தா எவனும் திருப்பி உதைக்காதீங்க. கையிலயே வெச்சுக்கங்க. அவங்க முன்வரிசையப் பாருங்க, முட்டியப் புடிச்சு நிக்கறானுங்க." கேமின் கையைச் சட்டையிலிருந்து எடுத்துவிட்டான். "நீ உதை."

அவன் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. கேம் கோபத்தோடு உதைத்தான். பந்து கம்பங்களுக்கு நடுவே போய், பின்னால் நின்ற லாரியின் மேல் விழுந்தது. பத்தொன்பது, இருபது.

அவர்கள் ஆழமாக உதைத்தார்கள். எங்கள் கோட்டுக்குப் பக்கத்தில் நான் பிடித்தேன். பிடித்த உடனே மூன்று பேர் என் மேல். பந்தைப் பின்னால் வைத்தேன். ராவிரி எடுத்தான், இரண்டு மீட்டர். அடுத்தவன், ஒரு மீட்டர். அடுத்தவன், பின்னால் அரை மீட்டர். பந்து ஒருமுறை நழுவினால் எல்லாம் முடிந்தது. வண்டிக்காரர்கள் இப்போது ஒவ்வொரு மோதலுக்கும் ஒரு ஹார்ன் அடித்தார்கள். என்னால் எழுந்திருக்க முடியவில்லை, எழுந்தேன். பக்கத்தில் ராவிரி எழுந்துகொண்டிருந்தான். மறுபடி விழுந்தேன். அவன் மறுபடி எழுந்துகொண்டிருந்தான். நடுக்கோட்டைத் தாண்டியபோது எதிரிகளில் ஒருவன் என் காதருகே, "போதும்டா, வீட்டுக்குப் போலாம்" என்றான். உண்மையாகவே சொன்னான்.

சங்கு ஊதியது. நேரம் முடிந்தது. இனி பந்து எங்கே நின்றாலும் ஆட்டம் அங்கே முடியும்.

கம்பத்திலிருந்து முப்பது மீட்டர் தூரத்தில் கேம் பின்வாங்கி நின்று கையைக் காட்டினான். தரையில் தட்டி உதைத்துக் கம்பத்துக்குள் விட்டால் மூன்று; வெற்றி. பந்து அவனுக்குப் போனது. உதைத்தான். பாய்ந்து வந்த ஒருவனின் நெஞ்சில் பந்து மோதி எங்கள் பக்கமே திரும்பி உருண்டது. மைதானமே ஒரு மூச்சை விட்டது. அவர்களில் இரண்டு பேர் அதை நோக்கி ஓடினார்கள்.

ராவிரி விழுந்தான். ஓடி வந்து எடுக்கிற வேகம் அவனுக்கு இல்லை, அதனால் விழுந்தான். பந்தின் மேல், முகம் புல்லில். இரண்டு பேர் அவன் முதுகில் இறங்குவதற்குள் ஒரு கையால் பந்தை மேலே தூக்கிக் கொடுத்தான், பஸ்ஸில் பின்சீட்டுக்காரனுக்குச் சில்லறை கொடுப்பதுபோல. கேம் அங்கே இருந்தான். வாங்கினான், ஓடினான். அவர்களில் எவனுக்கும் திரும்பி ஓடக் காலில் எதுவும் மிச்சமில்லை. இடது மூலையில், கொடிக்கு ஒரு முழம் உள்ளே, கேம் பந்தோடு கோட்டைத் தாண்டிச் சறுக்கினான். லஃபாயேலே மூச்சிரைக்க வந்து சேர்ந்து விசில் ஊதினார்.

இருபத்துநான்கு, இருபது. அதன் பிறகு நடந்தது எனக்கு வரிசையாக நினைவில்லை. ஹிரா சித்தி வேலியைத் தாண்டியிருந்தாள். நடுவருக்கு ரொட்டி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

உடைமாற்றும் அறையில் நீல் ஈரக் கண்ணோடு வந்தார். நாலு புள்ளி பின்தங்கியிருக்கும்போது கம்பம் கேட்பது எவ்வளவு பெரிய துணிச்சல், இருபது வருடக் கோச் வாழ்க்கையில் இப்படி ஒரு கணக்கைப் பார்த்ததில்லை என்றெல்லாம் சொன்னார். பத்திரிகைக்காரர்கள் வெளியே இதைக் கேட்கத்தான் நிற்கிறார்களாம். கேம் தலையைத் துவட்டுவதை நிறுத்தினான். அவனுக்கு அந்தப் புருவம் யாருக்கானது என்று தெரியும். அவன் ராவிரியைப் பார்த்தான்.

ராவிரி பெஞ்சிலிருந்து எழுந்தான். "நான் கம்பம் கேக்கல, கோச். மூலையான்னு கேம் கேட்டான். அவனுக்கு ஆமான்னேன். அவரு தனக்குச் சொன்னேன்னு எடுத்துக்கிட்டாரு."

ஒருவன் மட்டும் இன்னும் ஷவரில் இருந்தான். நீல் மெதுவாக உட்கார்ந்தார்.

"அப்ப சார்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லி, அவரு மாட்டேன்னுட்டா? பசங்க அந்த அஞ்சு நிமிஷமும் அதையே பேசிட்டிருப்பானுங்க. முடிவு நான் எடுத்ததுன்னு ஆயிட்டா ஆடுவானுங்க."

நீல் கேமின் பக்கம் திரும்பினார். வியாழக்கிழமை சொன்ன சொல்லை அவர் மறக்கவில்லை, நாங்களும் மறக்கவில்லை. நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டார்.

கேம் யோசித்தான். அதுவே எங்களுக்கு அதிசயம். "கத்தியிருப்பேன். கார்டு வாங்கியிருப்பேன். இந்நேரம் நாம தோத்துட்டு இங்க உக்காந்திருப்போம்." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டான். "எனக்கு வேணாம் கோச். இப்ப வேணாம்."

நீல் ராவிரியின் முகத்தைப் பார்த்தார். "இன்னும் ரெண்டு வருஷம். உனக்கு வேணுமா?"

அறையில் இருந்த இருபத்திரண்டு பேரும் அவன் நெற்றியையே பார்த்தோம்.

"வேணும்" என்றான் ராவிரி. ஷவரில் இருந்தவன் குழாயை நிறுத்திவிட்டு என்னவென்று கேட்டான். ராவிரி அவனுக்காக இன்னொரு முறை சொன்னான்.