ரெண்டும் இடது கால்

பழைய போட்டோவைப் புதுசாக்கிக் கொடுக்கிற தொழிலில் ஒரு பெரிய தொல்லை, படத்தில் இருப்பதைச் சரிபண்ணினால் போதாது, இல்லாததையும் கொண்டா என்பார்கள். பாளையங்கோட்டையில் இருபத்தஞ்சு வருஷமாகக் கடை வைத்து இதே பாடுதான். உங்கள் வீட்டுச் சுவரிலும் என்னை மாதிரி எவனோ ஒருத்தன் பக்கத்தில் ஒட்டி நிறுத்திவைத்த ஒரு ஜோடி தொங்கும். அதனால் நீங்களும் கேட்டுத்தான் ஆகணும்.

அய்யாவுக்குக் கால் வேணும்

பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிற அண்ணாச்சி ஒருத்தர், செத்துப்போன அப்பாவின் பாஸ்போர்ட் சைஸ் படத்தைக் கொண்டுவந்தார். அதை முழு ஆளாக, வெறுங்காலோடு நிற்க வைக்கணுமாம். எனக்கு முகம் வரும், சட்டை மடிப்பு வரும், வேட்டிக்கரைகூட வரும். கால் மட்டும் வரவே வராது. வலது காலை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து வரைகிறவன் நான். நீட்டியிருக்கிற இடது கால்தான் கண்ணுக்குத் தெரியும், அதைப் பார்த்தே வரைந்துவிடுவேன். அண்ணாச்சி படத்தை வாங்கி, ரொம்ப நேரம் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்கய்யாவுக்கு ரெண்டும் இடது காலுன்னு இன்னைக்குத்தான் எனக்கே தெரியும், வே.”

ஆணி அடிச்சாச்சு

அதே வாரம் தச்சநல்லூரிலிருந்து செல்வி வந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. சொந்த வீடு கட்டியிருக்கிறாள், பத்து நாளில் பால்காய்ப்பு. அம்மா செத்து ஆறு மாசம் ஆகிறதாம். அம்மாவின் டிரங்குப் பெட்டிக்குள் சேலைக்கு அடியில் கிடைத்தது என்று ஒரு சட்டம் போட்ட படத்தை மேசையில் வைத்தாள். புதுசாக்கிப் பெரிசாக்கித் தரணுமாம், மாட்டுவதற்கு ஹாலில் ஆணிகூட அடிச்சாச்சாம். அருவி வரைந்த திரைக்கு முன்னால் ஓர் ஆணும் பெண்ணும். முழங்காலுக்குக் கீழே சட்டத்தின் அட்டை மறைத்திருந்தது.

செல்வி வயிற்றில் இருக்கும்போதே அப்பா எஸ்டேட் வேலைக்கென்று மலையேறியவர், திரும்பவில்லை. காய்ச்சலில் போய்விட்டார் என்று சேதிதான் வந்தது. ‘எங்க அண்ணன் உங்கம்மாகூட ஒரு நாள்கூட வெளியே தெருவே போனதில்ல’ என்று அத்தைக்காரி நல்லது கெட்டது எல்லாவற்றிலும் குத்துவாளாம். இந்தப் படம் எந்த ஸ்டூடியோவில் எடுத்தது என்று தெரிந்தால் அவள் வாயை அடைத்துவிடலாம்.

“ஒரே ஒரு நாளாவது ரெண்டு பேரும் சேந்து போயிருக்காகள்லா அண்ணாச்சி? அது எங்கனன்னு மட்டும் சொல்லுங்க. ஆனா, அம்மா அப்பாவையும் பாக்கல, கேமராவையும் பாக்கல, அங்கிட்டு யாரப் பாத்துச் சிரிக்கா?”

ஊருக்கெல்லாம் ஒரே அருவி

கண்ணாடியோடு ஸ்கேன் எடுத்துப் பெரிதாக்கினேன். அவருக்கு மூக்கு நிழல் வலப்பக்கம் விழுகிறது, அந்த அம்மாவுக்கு இடப்பக்கம். ஒரே அறைக்கு ரெண்டு சூரியனா? ரெண்டு பேரும் சேர்ந்து நிற்கவே இல்லை, ஒட்டுப்படம்! இதை அந்தப் பிள்ளையிடம் எந்த வாயால் சொல்வது?

அப்புறம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போட்ட டீ ஆறிப்போகும். செல்வி போன் அடித்தால் எடுக்காமல் வாசலுக்குப் போய் நிற்பேன். நாலாம் நாள், என் கணக்கு தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே, ஜங்ஷனுக்குப் பஸ் ஏறினேன். அங்கே முன்னே ஸ்டூடியோ வைத்திருந்த பெரியவர் ஒருத்தர் இருக்கிறார். திரையைப் பார்த்தாவது கடையைச் சொல்வார் என்று ஒரு நப்பாசை.

“நெல்லையில அப்ப எல்லா ஸ்டூடியோவிலயும் இதே அருவிதான் விழுந்துச்சு, இதுல நான் எதக் கண்டேன், போவும் வே!”

கண்ணாடியை விட்டு வந்தது

திரும்பி வந்து, சட்டத்தைக் கழற்றினேன். படம் கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்தது. தட்டில் தண்ணீர் ஊற்றி ஊறப்போட்டு, அரைமணி நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பைய உரித்தேன். அட்டை மறைத்திருந்த கால்கள் இப்போதுதான் தெரிந்தன. அந்த அம்மாவின் கால்கள் லட்சணமாக இருந்தன. அவருக்கு... அடப்பாவி, ரெண்டும் இடது கால்!

இது என் கைவேலைதான். டவுனில் ஒரு ஸ்டூடியோவில் நான் தொழில் பழகிய காலம் அது. ஒரு பொம்பளை தன்னந்தனியாக, இடுப்பில் கைப்பிள்ளையோடு வந்தாள். கையில் எஸ்டேட் அடையாள அட்டையில் இருந்து உரித்த புருஷன் படம், தபால்தலை அளவு. பக்கத்தில் இடம் விட்டு அவளை நிற்கவைத்து முதலாளி எடுத்தார். அந்த இடத்தில் புருஷனை வரைந்து ஒட்டியது நான். யாருக்கும்மா இது என்று முதலாளி கேட்டதற்கு அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

“பிள்ளை நாளைக்குக் கேக்கும்லாய்யா, எங்கப்பா எங்கன்னு.”

யாரப் பாத்துச் சிரிக்கா

மறுநாள் செல்வியை வரச்சொல்லி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நிழலைக் காட்டினேன், காலைக் காட்டினேன். அவள் முகம் செத்துப்போயிற்று. “அப்ப அத்தை சொன்னது நெசந்தானா” என்று எழுந்துவிட்டாள்.

“இரு தாயி, இன்னும் முடியல” என்று உட்காரவைத்தேன். “படம் எடுக்கும்போது அந்தக் கைப்பிள்ளை ஒரே அழுகை. கேமராவுக்கு இந்தப் பக்கம் அதைத் தூக்கி வச்சுக்கிட்டு நின்னவன் நான்தான். உங்கம்மா அழுத பிள்ளையவே பார்த்துக்கிட்டு நின்னா. பிள்ளை சட்டுன்னு அழுகையை நிறுத்திச் சிரிச்சுது, அவளும் சிரிச்சா, முதலாளி அமுக்கிட்டாரு.” செல்வி படத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அம்மாவின் முகத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

“அப்ப, இத்தன வருசமும் எங்கம்மா என்னையப் பாத்துத்தான் சிரிச்சிட்டு நிக்காளா அண்ணாச்சி? அப்பா காலைத் திருத்திராதீங்க, அது அப்படியே இருக்கட்டும்.”

பால்காய்ப்புக்குப் போயிருந்தேன், ஹாலில் அந்த ரெண்டு இடது காலும் பெரிதாகத் தொங்க, வந்தவர்களில் ஒருத்தர்கூட, வாயடைத்து நின்ற அந்த அத்தை உள்பட, அதைக் கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் இந்தத் தொழிலில் நான் வாங்கிய ஒரே நல்ல பேர்.