சத்து ஊசி

இல்லை, அவளை எனக்கு முன்பின் தெரியாது. போன வார ஓட்டப் பந்தயத்தில் நம் ஊர்ப் பெண்ணை முந்தி ஓடிய ஓமலூர்க்காரி என்பது மட்டும் தெரியும்.

இன்று மேச்சேரி பஸ்ஸில் முன் சீட்டில் அவள் இருந்தாள். அதைக் கவனிக்காமல் என் பெரியப்பா கண்டக்டரிடம் பேசிக்கொண்டிருந்தார். பந்தயக் கமிட்டித் தலைவர் அவர்தான்.

"அந்த ஓமலூர்ப் புள்ளைக்குக் கோப்பை கெடையாதுன்னு சொல்லிப்போட்டனுங்க. மாத்திரை போடாம ஒரு பொம்பளப் புள்ள அந்த ஓட்டம் ஓடுமாங்க?"

"போட்டதைப் பாத்தீங்களா?"

"பாக்கோணுமாக்கும்!"

கண்டக்டர் விடவில்லை. "உங்க கபடிப் பசங்களுக்கு கம்பவுண்டர் ஊசி போட்டாரே, அது என்னங்க?"

"அது சத்து ஊசிங்க. தேங்காய் உடைச்சு, திருநீறு பூசி உட்டுத்தான் போடறது."

பஸ்ஸே சிரித்தது. அவள் மட்டும் சன்னல் கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்தாள்.

நான் சொன்னேன்: "பெரியப்பா, அண்ணனுக்கு ஊசி போட்டப்ப பஞ்சு வெச்சது நானுங்க. அந்தக் கபடிக் கோப்பை மட்டும் நம்ம ஊட்டுல இருக்குதுங்களே?"

"நம்ம பசங்க வேற, சாமி."

அதற்கும் சிரித்தார்கள். வருத்தம் அதில்தான்.

எப்படி வேறு என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓமலூரில் அவள் இறங்கினாள். எனக்கு மேச்சேரி வரை டிக்கெட் இருந்தது. நானும் இறங்கினேன்.